ஒரே ஆள், இரண்டு லேப், 11ஆ 78ஆ?

கோயம்புத்தூரில் ஒரு நடுத்தர லேப்பில் பயோகெமிஸ்ட்ரி பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு வருவதில் பெரும்பங்கு சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு. ரெனின், அல்டோஸ்டிரோன் என்று, பிபிக்குக் காரணம் தேடும் பரிசோதனைகளை எழுதிய சீட்டு எப்போதாவதுதான் வரும். வந்தால் ரத்தம் எடுக்கிற பெண் இன்டர்காமில் கூப்பிட்டு, "அக்கா, இதுக்கு எந்த டியூப்? ஐஸ் வைக்கணுமா?" என்று கேட்பாள். கேட்கிறாளே, அதுவே பெரிய விஷயம். கேட்காமல் எடுத்து அனுப்புகிற இடங்களிலிருந்து வரும் சாம்பிள்களைப் பற்றித்தான் கொஞ்சம் புலம்பப் போகிறேன்.

அதற்கு முன்னால் சித்தப்பா கதை. எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதிக்க அம்மிணி, பேரு மட்டும் போட்றாதே" என்று சொல்லிவிட்டார்.

சித்தப்பாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. வயது 52. பிபி இருப்பது பல வருடமாகத் தெரியும். டெல்மிசார்டான், அம்லோடிபின், மெட்டோப்ரோலால், கூடவே நீர் போவதற்கு ஒன்று என நாலு மாத்திரை சாப்பிட்டும் மேல் எண் 160க்குக் கீழே இறங்கவில்லை. ராத்திரியானால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். சிறுநீருக்கு எழுந்து எழுந்தே தூக்கம் போய்விடும். ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்தால் 2.7. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். நீர் மாத்திரையால்தான் என்று அதை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் 2.9ஐத் தாண்டவில்லை. அவர் தோப்புக்காரர், தினமும் இளநீர் குடிக்கிறவர். இளநீரில் பொட்டாசியம் ஏராளம். அப்படிப்பட்டவருக்கு 2.9 என்றால், உள்ளே போவதை உடம்பு எங்கோ கொட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கொட்டுவது சிறுநீரகம். கொட்டச் சொல்வது அல்டோஸ்டிரோன். சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி இதைச் சுரக்கிறது. உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது இதன் வேலை. எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை ரெனின் முடிவுசெய்யும். ரெனின் சிறுநீரகத்திலிருந்து வருவது. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் தானாக மோட்டாரை அணைக்கும் கருவி இருக்கிறதல்லவா, ரெனின் அந்த மாதிரி: உடம்பில் உப்பும் நீரும் போதுமென்றால் ரெனின் இறங்கும், கூடவே அல்டோஸ்டிரோனும் இறங்க வேண்டும். அட்ரினலில் ஒரு சின்னக் கட்டி வந்து ரெனினைச் சட்டை செய்யாமல் சுரந்துகொண்டே இருந்தால், ரெனின் அடிமட்டத்துக்குப் போய்விடும், அல்டோஸ்டிரோன் மட்டும் இறங்காது. இந்த நோய்க்குப் பெயர் பிரைமரி அல்டோஸ்டிரோனிசம். இந்தப் பொருந்தாமையைத்தான் ரத்தப் பரிசோதனையில் தேடுகிறோம். கட்டி ஒரு பக்கம் இருக்கலாம்; கட்டியே இல்லாமல் இரண்டு பக்கச் சுரப்பிகளும் சேர்ந்து அதிகமாகச் சுரப்பதும் உண்டு.

சித்தப்பாவின் முதல் ரிப்போர்ட்டில் அல்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 9.1 நானோகிராம். லேப் போட்டிருந்த நார்மல் வரம்புக்குள்தான். ரெனின் லிட்டருக்கு 2 மில்லி யூனிட். அதன் பக்கத்தில் 'எல்' என்று ஒற்றை எழுத்து, அதாவது குறைவு. நம் ஊரில் 'எச்' என்றால்தான் பயப்படுவார்கள். 'எல்' என்றால் நல்லதுதானே என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். எழுதிக்கொடுத்த டாக்டரும் அல்டோஸ்டிரோன் நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த 9.1 நார்மலே இல்லை. ரத்தம் எடுத்த அன்று பொட்டாசியம் 2.9. பொட்டாசியம் குறைந்தால் அல்டோஸ்டிரோன் சுரப்பும் அடங்கும். ஆரோக்கியமான சுரப்பியாக இருந்தால் 2.9க்கு அது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நிலையிலும் 9.1 வருகிறது என்றால் சந்தேகப்பட வேண்டிய எண். ஆனால் கம்ப்யூட்டர் போடும் 'எச்', 'எல்' ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். மேல் வரியில் பொட்டாசியம் இறங்கியிருப்பதும் கீழ் வரியில் அல்டோஸ்டிரோன் இறங்காததும் ஒரே கதையின் இரண்டு பாதி என்பது அதற்குத் தெரியாது.

அப்புறம் ஒரு ஹார்மோன் டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் அவசரப்படவில்லை. முதலில் பொட்டாசியம் சிரப் கொடுத்து 4க்குக் கொண்டுவந்தார். மெட்டோப்ரோலாலைப் படிப்படியாக நிறுத்தி பிரசோசினுக்கு மாற்றினார். டெல்மிசார்டானை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தார். அந்த மாத்திரை ரெனினை ஏற்றக்கூடியது. அதைச் சாப்பிட்டும் ரெனின் ஏறவில்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும் என்பது அவர் கணக்கு. உப்பைக் குறைக்க வேண்டாம், வழக்கம்போலச் சாப்பிடுங்கள் என்றார். பிபி இருக்கிறவரிடம் ஒரு டாக்டர் இப்படிச் சொன்னதைச் சித்தி இன்றுவரை நம்பவில்லை. ஆனால் உப்பை அடக்கினால் ரெனின் ஏறி, பரிசோதனை நோயை மறைத்துவிடும்.

மறுபடி எடுத்தோம். அல்டோஸ்டிரோன் 24, ரெனின் 2.1. அல்டோஸ்டிரோனை ரெனினால் வகுத்தால் 11.4. இந்த விகிதம் எவ்வளவு பெரிதோ, சந்தேகமும் அவ்வளவு பெரிது.

இதற்குள் பெங்களூரில் இருக்கும் தம்பிக்கு, சித்தப்பாவின் மகனுக்கு, பொறுக்கவில்லை. ஊருக்கு வந்தவன் இன்னொரு பெரிய லேப்பில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்துவிட்டான். அந்த ரிப்போர்ட்டில் அல்டோஸ்டிரோன் 15.6, ரெனின் செயல்பாடு 0.2, விகிதம் 78.

அன்று ராத்திரியே போன். "என்ன அம்மிணி, ஒருத்தன் 11ங்கறான், இன்னொருத்தன் 78ங்கறான். ஒரு வாரத்துல கட்டி ஏழு மடங்கு ஆயிருச்சா?"

"இல்லீங் சித்தப்பா. ரெண்டு பேரும் ஒண்ணேதான் சொல்றாங்க."

"அப்ப 11க்கும் 78க்கும் வித்தியாசமில்லையா? என்ன படிப்பு படிச்ச நீ?"

போனில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. எழுத்தில் முயற்சி செய்கிறேன்.

ரெனினை இரண்டு விதமாக அளக்கலாம். ஒன்று, ரத்தத்தில் ரெனின் எவ்வளவு இருக்கிறது என்று நேரடியாக அளப்பது. இது லிட்டருக்கு இத்தனை மில்லி யூனிட் என்று வரும். இன்னொன்று, அந்த ரெனின் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வேலை செய்கிறது, அதாவது எவ்வளவு ஆஞ்சியோடென்சினை உண்டாக்குகிறது என்று பார்ப்பது. இது மில்லிலிட்டருக்கு, மணிக்கு இத்தனை நானோகிராம் என்று வரும். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவைதான், ஆனால் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. முதல் முறையில் 8.2 என்பது இரண்டாவது முறையில் ஏறக்குறைய 1. ஆகவே விகிதத்தின் எல்லைக்கோடும், அதாவது எதைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும் என்பதும், மாறும். நேரடி ரெனின் என்றால் 2.5லிருந்து 3.7 வரை எங்காவது ஓர் இடத்தில் கோடு போடுவார்கள், எந்த வழிகாட்டியைப் பின்பற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்து. செயல்பாடு என்றால் 20 அல்லது 30. சித்தப்பாவின் 11.4ஐ 2.5ஓடு வைத்துப் பாருங்கள், நாலரை மடங்கு. 78ஐ 20ஓடு வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட நாலு மடங்கு. இரண்டு லேப்பும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கின்றன. இன்னொரு லேப் அல்டோஸ்டிரோனைப் பிகோமோல் என்ற வேறு அலகில் கொடுத்திருந்தால் 24 என்பது 665 ஆகியிருக்கும், விகிதம் 300ஐத் தாண்டியிருக்கும். சித்தப்பா அன்றைக்கே ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பார்.

விகிதத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. ரெனின் மிகக் குறைவாக இருக்கும்போது வகுக்கிற எண் விகிதத்தை ஆட்டிவைக்கும். ரெனின் செயல்பாடு 0.2 என்பது 0.1 என்று வந்திருந்தால் 78 என்பது 156. நடந்தது என்னவோ எந்திரத்தின் கடைசி இலக்கத்தில் ஒரு சின்ன அசைவுதான். இதே காரணத்தால் அல்டோஸ்டிரோன் வெறும் 4 இருக்கும் ஒருவருக்கும் விகிதம் 40 என்று வரலாம், அவருக்கு இந்த நோயே இருக்காது. அதனால்தான் விகிதத்தை மட்டும் நம்பாமல், ரெனின் அடங்கியிருக்கிறதா, அல்டோஸ்டிரோன் ஒரு குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்கிறதா என்று தனித்தனியாகவும் பார்க்கச் சொல்கிறார்கள்.

சரி, 24க்கும் 15.6க்கும் உள்ள வித்தியாசம்? இங்கேதான் என் வேலை வருகிறது. எங்கள் மாதிரி லேப்களில் அல்டோஸ்டிரோனை ஆன்டிபாடி வைத்து அளக்கிறோம். ஆன்டிபாடி அல்டோஸ்டிரோனைத் தேடிப் பிடிக்கும். ஆனால் ரத்தத்தில் அதன் சாடையில் நிறைய ஸ்டீராய்டுகள் மிதக்கின்றன. கார்டிசோல் மட்டுமே அல்டோஸ்டிரோனைப்போல ஆயிரம் மடங்கு இருக்கும். ஆன்டிபாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் வேறு சிலவற்றையும் சேர்த்து எண்ணிவிடும். பெரிய லேப்களில் இருக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறின் எடையைப் பார்த்து அடையாளம் காண்கிறது. அதனால் அதில் எண் குறைவாகவே வரும். எண் சிறியதாக இருக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் விகிதாசாரத்தில் இன்னும் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆன்டிபாடி முறை இன்னும் கூட்டிக் காட்டும். 2025இல் வந்த அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் வழிகாட்டி இதை ஒப்புக்கொண்டு, அல்டோஸ்டிரோனின் அந்தக் குறைந்தபட்ச அளவை இரண்டு முறைக்கும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறது: ஆன்டிபாடி முறையில் 10, மாஸ் ஸ்பெக்கில் 7.5. அதற்கு முன்பு எல்லாருக்கும் ஒரே கோடு. பிபி இருக்கிற எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையை ஒரு தடவையாவது செய்யலாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. நம் ஊரில் அப்படி நடந்தால் எங்கள் கவுன்டர் தாங்காது, ஆனாலும் நல்ல யோசனைதான்.

ரிப்போர்ட்டில் 'முறை' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். யாரும் படிப்பதில்லை. அதுதான் முதலில் படிக்க வேண்டிய வரி.

இப்போது புலம்பல்.

ரெனினுக்கும் ஊதா மூடி டியூப். ஏசிடிஎச் என்ற இன்னொரு ஹார்மோனுக்கும் ஊதா மூடி டியூப். ஏசிடிஎச் சாம்பிளை உடனே ஐஸில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிதைந்துவிடும். ரெனின் சாம்பிளை, பிரித்தெடுக்கும் வரை, ஐஸில் வைக்கவே கூடாது. ரத்தத்தில் புரோரெனின் என்று ரெனினின் தூங்குகிற வடிவம் ஒன்று இருக்கிறது, ரெனினைவிடப் பல மடங்கு அதிகம். குளிரில் வைத்தால் அது ரெனினைப் போலவே நடந்துகொள்ள ஆரம்பிக்கும். ஐஸ் பெட்டியில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்த டியூபில் ரெனின் பொய்யாக உயர்ந்துவிடும், விகிதம் இறங்கிவிடும், கட்டி இருக்கிறவரிடம் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுவோம். அறை வெப்பத்தில் வைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, பிளாஸ்மாவைப் பிரித்த பிறகு சட்டென்று உறையவைக்க வேண்டும். பிரிட்ஜில் நின்று நிதானமாகக் குளிர்வதும் ஆபத்துதான். ஹார்மோன் சாம்பிள் என்றாலே ஐஸ் என்று மனப்பாடம் செய்துவைத்திருக்கும் பையன்களிடம் இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

பொட்டாசியத்துக்கும் இதே தலைவலி. பிரிக்காத ரத்தத்தைக் குளிரில் வைத்தால் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் கசிந்து எண் ஏறும். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் சுற்றினால் பொட்டாசியம் செல்லுக்குள் போய் எண் இறங்கும். போதாததற்கு, நரம்பு கிடைக்கவில்லை என்று "கையை மூடி மூடித் திறங்க" என்பார்கள். ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு அப்படிச் செய்தால் தசையிலிருந்து பொட்டாசியம் வெளியேறி எண் ஒரு புள்ளிகூட ஏறலாம். 3.1 இருக்கிறவருக்கு 3.9 என்று வரும். டாக்டர் நிம்மதியாகி இந்த நோயைப் பற்றி யோசிக்கவே மாட்டார். பெங்களூர்த் தம்பி ஏற்பாடு செய்த சாம்பிளில் பொட்டாசியம் 4.6 என்று வந்தது. கையை எத்தனை தடவை மூடித் திறக்கச் சொன்னார்கள் என்று சித்தப்பாவைக் கேட்டேன். "பால் கறக்கற மாதிரி கறந்துட்டே இருந்தேன்" என்றார்.

படுத்தா, உட்கார்ந்தா, நடந்தா என்பதும் கணக்கு. காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிவிட்டு, ஐந்து முதல் பதினைந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஆறு மணிக்குக் கட்டிலில் எழுப்பி ரத்தம் எடுத்தால் அது வேறு பரிசோதனை, வேறு நார்மல் வரம்பு.

மாத்திரைகள் பற்றி எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன்தான் பெரிய வில்லன். நாலு வாரம் முன்பே நிறுத்தினால்தான் சுத்தமான பதில் கிடைக்கும். மெட்டோப்ரோலால் வகையும் வலி மாத்திரைகளும் ரெனினை அமுக்கி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். நீர் மாத்திரை, டெல்மிசார்டான் வகை ரெனினை ஏற்றி, இருக்கிற நோயை மறைக்கும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தாமலே ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, குழப்பமாக இருந்தால் மட்டும் மாற்றி எடுக்கலாம் என்பதுதான் இப்போதைய போக்கு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பிபி 200ஐத் தொட்டுக்கொண்டிருப்பவரிடம் சுத்தமான சாம்பிளுக்காக எல்லா மாத்திரையையும் பிடுங்குவது கூடாது.

எங்கும் எழுதாத இரண்டைச் சொல்கிறேன். ஒன்று அதிமதுரம். தொண்டை கட்டினால் வாயில் ஒதுக்கிக்கொள்வது, தினமும் கஷாயம் குடிப்பது எல்லாம் நம் வீடுகளில் சாதாரணம். அளவுக்கு மீறி, வாரக்கணக்கில் சாப்பிட்டால் அது பிபியை ஏற்றி பொட்டாசியத்தை இறக்கும், ரெனினையும் அமுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அச்சாக இந்த நோய்தான். ஒரே வித்தியாசம், அல்டோஸ்டிரோனும் தரைமட்டத்தில் இருக்கும். இன்னொன்று, முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை. சில கம்பெனி எந்திரங்களின் வேதிமுறையே பயோட்டினை வைத்துத்தான் இயங்குகிறது. ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் சில பரிசோதனைகள் பொய்யாக ஏறும், சில பொய்யாக இறங்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இலேயே எச்சரித்தது. மாத்திரைப் பட்டியல் கேட்டால் பிபி மாத்திரை, சர்க்கரை மாத்திரையைச் சொல்வார்கள். முடி மாத்திரையைச் சொல்லவே மாட்டார்கள். அது வைட்டமினாம், மாத்திரை இல்லையாம்.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் இரண்டு நாள் எடுத்த எண்கள் ஒத்துவராது. காரணம் லேப் இல்லை, உடம்பு. அல்டோஸ்டிரோன் விட்டு விட்டுச் சுரக்கும். நோய் உறுதியானவர்களிடமே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2021இல் வந்தது. ஒரே ஆளின் அளவு சராசரியாக 30 சதவீதம்போல ஏறி இறங்கியிருக்கிறது. எந்திரத்தைச் சரிபார்க்க வைத்திருக்கும் ஒரே கன்ட்ரோல் சீரத்தை எங்கள் எந்திரத்தில் தினமும் ஓட்டினால் வரும் அசைவு பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆக, ஒரே லேப்பில் 12ம் 17ம் வந்தால் நான் எந்திரத்தைச் சந்தேகப்பட மாட்டேன். ஒரு தடவை எடுத்து நார்மல் வந்தால், சந்தேகம் பலமாக இருக்கும் பட்சத்தில், இன்னொரு நாள் எடுக்கச் சொல்வேன்.

"உங்க லேப் தரச்சான்று வாங்கினதுதானே, அப்புறம் ஏன் வேற லேப்போட ஒத்துவரலே?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. வேலூர் சிஎம்சி நடத்தும் வெளித்தரச் சோதனைத் திட்டத்தில் நாடு முழுக்க ஏராளமான லேப்கள் சேர்ந்திருக்கின்றன. ஒரே மாதிரி சாம்பிளை எல்லோருக்கும் அனுப்பி, வந்த விடைகளை ஒப்பிடுவார்கள். ஆனால் இந்த மாதிரி திட்டங்களில் ஒரு லேப்பை ஒப்பிடுவது பெரும்பாலும் அதே முறையை, அதே எந்திரத்தைப் பயன்படுத்தும் மற்ற லேப்களோடுதான். எங்களுக்கு நல்ல மதிப்பெண் வந்தால், இந்தக் கிட்டை வைத்து எல்லோரும் அளப்பது போலவே நாங்களும் அளக்கிறோம் என்று அர்த்தம். அந்தக் கிட்டே எல்லோருக்கும் கூட்டிக் காட்டினால், கூட்டமாகக் கூட்டிக் காட்டுவோம், எல்லோருக்கும் நல்ல மதிப்பெண். தம்பிக்கு இது அநியாயமாகப் பட்டது. எனக்கும் ரொம்ப நாளாக அப்படித்தான் படுகிறது.

1954இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் இந்த நோயை முதன்முதலில் அடையாளம் கண்டபோது இந்தக் கிட் எதுவும் கிடையாது. அல்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தே ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 34 வயதுப் பெண் ஒருவரை மாதக்கணக்கில் வார்டில் வைத்து, வியர்வை, எச்சில், சிறுநீர் எல்லாவற்றிலும் சோடியம், பொட்டாசியம் அளந்து, அட்ரினலில்தான் கோளாறு என்று முடிவுக்கு வந்து ஆபரேஷனுக்கு அனுப்பினார். கட்டி இருந்தது. இன்றைக்கு ஒரு டியூபில் பதில் எதிர்பார்க்கிறோம்.

அட்ரினலில் வரும் மற்ற ஹார்மோன் கட்டிகளுக்கும் இதே கதைதான், வில்லன்கள் மட்டும் வேறு. அட்ரினலின் வகையைச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டிக்கு, அந்த ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரினை ரத்தத்தில் பார்க்க வேண்டும். இருபது முப்பது நிமிடம் படுக்கவைத்து, படுத்தபடியே எடுக்க வேண்டும். எத்தனை கலெக்‌ஷன் சென்டரில் படுக்கை இருக்கிறது? நாற்காலியில் உட்காரவைத்து எடுப்பார்கள், அதில் ஒரு வகையான நார்மெட்டாநெஃப்ரின் கொஞ்சம் ஏறியிருக்கும், வீடே கலங்கிப்போகும். கை கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் சாப்பிடுகிறவருக்கும் ஏறும். நிஜமான கட்டி என்றால் பெரும்பாலும் வரம்பைப்போல மூன்று நாலு மடங்காவது தாண்டும். சின்ன ஏற்றத்தைப் பார்த்து ஸ்கேனுக்கு ஓட வேண்டாம், படுக்கவைத்து மறுபடி எடுங்கள்.

கார்டிசோல் கட்டிக்கு, ராத்திரி 11 மணிக்கு மேல், கார்டிசோல் சுரப்பை அடக்கும் டெக்ஸாமெதசோன் 1 மில்லிகிராம் விழுங்கிவிட்டுக் காலை எட்டு ஒன்பது மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும். கார்டிசோல் 1.8க்குக் கீழே அடங்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்கள், வலிப்புக்கு ஃபெனிட்டோயின் சாப்பிடுகிறவர்கள் உடம்பில் அந்த டெக்ஸாமெதசோன் விடிவதற்குள் கரைந்துவிடும். அடங்காது. கட்டி என்று நினைத்துவிடுவார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் மொத்தக் கார்டிசோல் கூடுதலாகத்தான் காட்டும்.

சித்தப்பாவுக்கு வருகிறேன். சிடி ஸ்கேனில் இடது அட்ரினலில் 1.4 சென்டிமீட்டரில் ஒரு கட்டி. வலது பக்கமும் லேசாகத் தடித்திருப்பதாக எழுதியிருந்தார்கள். இந்த வயதில் ஒன்றுக்கும் உதவாத சின்னக் கட்டிகள் பலருக்கு இருக்கும். சுரக்கிற கட்டி எது என்று ஸ்கேன் சொல்லாது. அதற்காகத்தான் இரண்டு பக்க அட்ரினல் சிரைக்குள்ளும் குழாய் விட்டு ரத்தம் எடுக்கிறார்கள். வலது சிரை குட்டையானது, நேராகப் பெருஞ்சிரையில் சேர்கிறது. அதற்குள் நுழைவது கைதேர்ந்தவர்களுக்கே கஷ்டம். உண்மையில் உள்ளே போனார்களா என்று எப்படித் தெரியும்? கார்டிசோலை வைத்துத்தான். அதையும் அட்ரினல்தான் சுரக்கிறது, அதனால் அந்தச் சிரையில் கையைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். கையில் எடுத்த ரத்தத்தில் கார்டிசோல் 24. இடது சிரையில் 410, வலது சிரையில் 520. இரண்டிலும் போயிருக்கிறார்கள்.

அல்டோஸ்டிரோன் இடதில் 2,850, வலதில் 240, கையில் 30. எந்திரம் நேராக அளப்பது 100 வரைதான். இதையெல்லாம் நீர்க்கவைத்து, நீர்க்கவைத்து ஓட்ட வேண்டும். அந்த லேப்பில் இருக்கிற என் கிளாஸ்மேட், டியூப் ஒவ்வொன்றையும் இரண்டு பேர் படித்துச் சரிபார்த்துத்தான் எந்திரத்தில் வைத்ததாகச் சொன்னாள். இடது வலது லேபிள் மாறினால் நல்ல சுரப்பியை எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு பக்கமும் அல்டோஸ்டிரோனைக் கார்டிசோலால் வகுத்தால் இடது 7க்குப் பக்கம், வலது அரைக்கும் குறைவு. பதினைந்து மடங்கு வித்தியாசம். 4 இருந்தாலே ஒரு பக்கம் என்று முடிவுசெய்வார்கள். அப்படி வகுத்துப் பார்த்தால் வலது பக்கம் கையில் எடுத்த ரத்தத்தைவிடவும் அடங்கியிருந்தது. இந்தப் பரிசோதனையில் எனக்குப் பிடித்ததே இதுதான்: எல்லா டியூபும் ஒரே நாள், ஒரே எந்திரம், ஒரே கிட். கிட் கூட்டிக் காட்டினாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்தே கூட்டும். ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோடுதான் ஒப்பிடுகிறோம் என்பதால் ஆன்டிபாடியா மாஸ் ஸ்பெக்கா என்ற சண்டைக்கு இங்கே பெரிதாக இடமில்லை.

இடது அட்ரினலை லேப்ராஸ்கோப்பில் எடுத்தாயிற்று. பொட்டாசியம் சிரப்பை அடுத்த நாளே நிறுத்திவிட்டார்கள். இத்தனை நாள் அடங்கிக்கிடந்த வலது சுரப்பி விழித்துக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆகும், அதுவரை பொட்டாசியம் தேவைக்கு மேல் ஏறலாம். அதனால் சில வாரங்களுக்கு இளநீருக்கும் தடை. தோப்புக்காரருக்கு அது ஆபரேஷனைவிடப் பெரிய கஷ்டமாக இருக்கிறது. மாத்திரை இப்போது ஒன்றுதான். ஆறு மாதம் கழித்து ரெனினும் அல்டோஸ்டிரோனும் மறுபடி பார்க்க வேண்டும். அறுவைக்கு முன் 24 வந்த அதே லேப்பில், அதே முறையில்.

இதைப் படித்துவிட்டு ரிப்போர்ட் படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிடுங்கள். எண்ணை மட்டும் வெட்டி அனுப்பாமல், அலகும் முறையும் தெரிகிற மாதிரி முழுப் பக்கத்தையும் அனுப்புங்கள். அன்றைய பொட்டாசியம், எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள், அந்த மாதம் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளும், கஷாயமும் முடி மாத்திரையும் சேர்த்து, எழுதுங்கள். நான் டாக்டர் இல்லை, கட்டி இருக்கிறதா என்று சொல்ல மாட்டேன். சாம்பிளை நம்பலாமா வேண்டாமா என்று மட்டும் சொல்வேன்.